வாசலுக்குப் பூட்டு, கொல்லைப்புறத்துக்குக் காவல்!

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள். தமிழ்நாட்டிலே பலர் விகடன் இணையதளத்தைத் திறக்கப் பார்த்தார்கள். திறக்கவில்லை. கைபேசியிலே கோளாறோ என்று சிலர் எண்ணினார்கள். பணம் கட்ட மறந்தோமோ என்று சிலர் பார்த்தார்கள். கோளாறும் இல்லை, பாக்கியும் இல்லை. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்களே, அதைக் குறித்து ஒரு கேலிச்சித்திரம் அந்த நிறுவனத்தின் இணைய இதழில் வந்திருந்தது. அமெரிக்க ஜனாதிபதியின் பக்கத்திலே நமது பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பது போன்ற படம். அதற்குத் தண்டனையாக ஒரு படமல்ல, ஒரு பக்கமல்ல, தளம் முழுவதுமே அடைபட்டது!

முன்னறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று பத்திரிகையார் சொன்னார்கள். மார்ச் 6-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, "அந்தப் பக்கத்தை இப்போதைக்கு எடுத்து வைக்கட்டும், தளத்தைத் திறந்து விடுங்கள்" என்ற பொருள்பட உத்தரவிட்ட பிறகுதான் பூட்டு கழன்றது. 1926-இல் தோன்றிய ஒரு பத்திரிகைக் குடும்பத்துக்கே இந்தக் கதி. தெருக்கோடியில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்னஞ்சிறு தளத்துக்கு என்ன கதி என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

ஆனால், அந்த மூன்று வாரங்களிலும் வழி தெரிந்தவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. பூட்டு இந்திய இணைய நிறுவனங்களின் வாசலில்தானே தொங்கியது? அயல்நாட்டுப் பாதை வழியே சுற்றிவந்தால் தளம் தெரியும். அந்தச் சுற்றுவழிக்குப் பெயர்தான் ப்ராக்ஸி. அதனினும் திடமான அதன் தம்பிக்குப் பெயர் வி.பி.என். இதைக் கேட்டால் சிலருக்குத் திருட்டுச் சாவி போலத் தோன்றுகிறது. சர்க்காருக்கோ அது தீவிரவாதியின் முகமூடி போலத் தோன்றுகிறது. உண்மை என்ன? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பக்கத்து வீட்டு அண்ணன்!

ஊர்ப் பெரியவர் ஒருவர், "அந்தக் கடைக்கு எவனும் போகக்கூடாது" என்று தெருமுனையிலே ஆளை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? தெருவிலே தடையில்லாத பக்கத்து வீட்டு அண்ணனிடம் காசைக் கொடுத்து, "அந்தக் கடையிலே இதை வாங்கி வாருங்கள்" என்பீர்கள். நீங்கள் போனது அண்ணன் வீடு. கடைக்குப் போனது அண்ணன். கடைக்காரனுக்கு உங்கள் முகம் தெரியாது. தெருமுனை ஆளுக்கு நீங்கள் கடைக்குப் போனது தெரியாது. ப்ராக்ஸி இவ்வளவுதான். நீங்கள் கேட்ட பக்கத்தை, நடுவிலே நிற்கும் ஒரு கம்ப்யூட்டர் தன் பெயரால் கேட்டு வாங்கி உங்களிடம் தருகிறது.

வி.பி.என். இன்னொரு படி மேலே. அண்ணனிடம் நீங்கள் கொடுக்கும் சீட்டு, அரக்கு முத்திரையிட்ட உறைக்குள் போகிறது. வழியிலே எவரும் பிரித்துப் படிக்க முடியாது. டோர் என்றொரு ஏற்பாடும் உண்டு. அதிலே ஒரு அண்ணன் அல்ல, மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னே நிற்பவனையும் பின்னே நிற்பவனையும் மட்டுமே தெரியும். முழு வழியும் எவனுக்கும் தெரியாது. இந்த டோரின் அடிப்படை யோசனையைக் கண்டுபிடித்தவர்கள் கள்ளக்கடத்தல்காரர்கள் அல்லர், நண்பர்களே. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்திலே பிறந்தது அது! சர்க்காருக்கே ரகசியம் தேவைப்பட்டபோது அது விஞ்ஞானம். குடிமகனுக்குத் தேவைப்பட்டால் மட்டும் அது விஷமமாகிவிடுமா?

சுற்றுவழியின் பழைய கதை

சுற்றுவழி என்பது இன்று நேற்று வந்ததல்ல. 1878-இல் லிட்டன் பிரபு நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஒரு சட்டம் கொண்டுவந்தார். சட்டம் நாட்டுமொழிக்கு மட்டுந்தான். வங்கத்திலே அமிர்தபஜார் பத்திரிகை என்ன செய்தது? பார்த்தது, ஆங்கிலப் பத்திரிகையாகவே மாறிவிட்டது! பூட்டைப் போட்டவர் கையிலே சாவி இருந்தும் பூட்டத்தான் கதவு இல்லை.

1908-இல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகை மீது வெள்ளையர் அடக்குமுறை பாய்ந்தது. பாரதியார் எங்கே போனார்? பிரெஞ்சுக்காரரின் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு. அங்கிருந்து பத்திரிகை அச்சாகி இந்த மண்ணுக்கு வந்தது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவிலே கிடந்த எல்லைக்கோடுதான் அன்றைய ப்ராக்ஸி! வெள்ளையர் சும்மா இருந்தார்களா? பத்திரிகை எல்லைக்குள் நுழையவே தடை போட்டார்கள். 1910-இல் பத்திரிகை நின்றது. நின்றது பத்திரிகை, எண்ணம் நின்றதா? நின்றிருந்தால் அந்தப் பெயரை இன்று நாம் எழுதிக்கொண்டிருப்போமா?

ரகசியப் பூட்டு!

இப்போது இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே 69ஏ என்றொரு பிரிவு. அதன்படி இணையதளங்களை அடைக்க மத்திய சர்க்கார் உத்தரவிடலாம். இந்தப் பிரிவைச் சேர்த்தவர்கள் இன்றைய ஆளவந்தார்கள் அல்லர். 2008 டிசம்பரில், அன்றைய காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியிலே, மக்கள் சபையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது அந்தத் திருத்தம். அவர்கள் அடித்த பூட்டை இவர்கள் தாராளமாகப் பூட்டுகிறார்கள். நாற்காலியில் ஆள் மாறுகிறார், பூட்டு மாறுவதில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது என்பதால் சொல்லி வைக்கிறோம்.

பிரிவைவிடப் பொல்லாதது அதன் கீழே 2009-இல் எழுதப்பட்ட விதிகள். அதிலே 16-ஆம் விதி என்ன சொல்கிறது? யார் புகார் கொடுத்தார், என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதெல்லாம் மிகமிக ரகசியமாக வைக்கப்பட வேண்டுமாம்! 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம், ஷ்ரேயா சிங்கால் வழக்கிலே, 66ஏ என்ற கொடும்பிரிவை அடியோடு வீழ்த்தியது. வரவேற்றோம். அதே தீர்ப்பிலே 69ஏ பிரிவை நிலைக்க விட்டது. ஏன் விட்டது? காரணத்தை எழுத்திலே பதிவு செய்ய வேண்டும், அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்திலே ரிட் மனு போடலாம், ஆகவே பாதுகாப்பு இருக்கிறது என்றது.

நாம் கேட்கிறோம்: காரணம் எழுதியிருக்கிறது, சரி. எழுதிய காகிதம் எங்கே? பெட்டிக்குள்ளே! பெட்டிக்குப் பூட்டு 16-ஆம் விதி! காட்டாத உத்தரவை எதிர்த்து எந்தக் கோர்ட்டிலே, எந்த வாசகத்தை எடுத்துக்காட்டி வாதாடுவது? குற்றம் என்னவென்று சொல்லாமல் கூண்டிலே ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? தளத்தை நடத்துகிறவருக்காவது, போராடிப் பார்த்தால், தாள் கிடைக்கலாம். படிக்கிற வாசகனுக்கு? அவனுக்கும் உரிமை இல்லையா? பேசுகிறவன் உரிமை பாதி என்றால் கேட்கிறவன் உரிமை மறுபாதி அல்லவா?

மூட்டைப்பூச்சியும் வீடும்

"கெட்டதைத்தானே அடைக்கிறோம்" என்பார்கள். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களை அடைக்க வேண்டாமென்று பைத்தியக்காரன்கூடச் சொல்லமாட்டான். ஆனால் அடைபட்டவை அவை மட்டுமா? 2012-இல் '3' என்ற தமிழ்ப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றத்திலே உத்தரவு வாங்கினார்கள். இணைய நிறுவனங்கள் என்ன செய்தன? ஆயிரக்கணக்கான கலைஞர்கள் தங்கள் சொந்தப் படங்களை வைத்திருந்த விமியோ போன்ற தளங்களையே மொத்தமாக அடைத்தன! பிறகு அதே நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் அடைக்க வேண்டும், தளத்தையே அல்ல என்று விளக்கம் சொல்ல நேர்ந்தது. 2014 டிசம்பரில் தீவிரவாதப் பிரசாரத்தைத் தடுப்பதாகச் சொல்லி 32 தளங்கள் அடைபட்டன. அவற்றிலே ஒன்று கிட்ஹப். உலகத்துக் கம்ப்யூட்டர் நிபுணர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கும் கிடங்கு அது. பெங்களூரிலும் சென்னையிலும் சம்பளத்துக்கு உழைக்கும் இளைஞர்கள் தங்கள் அலுவலைச் செய்யவே சுற்றுவழி தேட வேண்டியதாயிற்று.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவன், கொளுத்திய பிறகு, "ஜன்னல் வழியாக ஏன் குதித்தாய்?" என்று வீட்டுக்காரனைக் கேட்பதற்கு என்ன உரிமை இருக்கிறது?

கொல்லைப்புறத்திலும் காவல்!

ஆனால் கேட்கத்தான் செய்கிறார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று, சைபர் பாதுகாப்புக்கென்று மத்திய சர்க்கார் வைத்திருக்கும் செர்ட்-இன் என்ற அமைப்பு ஒரு கட்டளை போட்டது. வி.பி.என். நடத்துகிறவர்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொலைபேசி எண், எந்தக் காரியத்துக்காகச் சேர்ந்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமாம். கணக்கு முடித்துப் போன பிறகும் வைத்திருக்க வேண்டுமாம். முகம் தெரியாமல் இருக்கத்தானே முக்காடு? முக்காட்டின் மேலே விலாசத்தைத் தைத்துக்கொள் என்றால் அதற்குப் பெயர் முக்காடா?

எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ப்ஷார்க், நார்ட் முதலிய கம்பெனிகள், தங்கள் சர்வர்களை இந்தியாவை விட்டே எடுத்துக்கொண்டு போயின. இஷ்டமில்லாதவர்கள் போகலாம் என்ற பாணியிலேதான் அன்றைய மத்திய மந்திரி ராஜீவ் சந்திரசேகரும் பேசினார். அவர்கள் போனார்கள். நாம் எங்கே போவது?

இதிலே வேடிக்கை என்னவென்றால், பெரிய கம்பெனிகள் தங்கள் அலுவலகத்துக்கென்று வைத்திருக்கும் வி.பி.என்.களுக்கு இந்தக் கட்டளை பொருந்தாது என்று சர்க்காரே விளக்கம் அளித்தது. நியாயந்தான், அவர்களுக்கு வியாபார ரகசியம் இருக்கிறது. கம்பெனிக்கு முக்காடு உண்டு, குடிமகனுக்கு இல்லை! நோயைப் பற்றி இரவிலே தேடிப் படிக்கும் பெண்ணுக்கு ரகசியம் இல்லையா? அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிக்க வழி தேடுகிறவளுக்கு ரகசியம் இல்லையா? மேலதிகாரியின் ஊழலைப் பத்திரிகைக்குச் சொல்ல விரும்பும் குமாஸ்தாவுக்கு ரகசியம் இல்லையா? 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்களே, புட்டசாமி வழக்கிலே, அது கம்பெனிகளுக்காகச் சொன்ன தீர்ப்பா?

காஷ்மீரத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2019 ஆகஸ்டில் அங்கே இணையம் அடியோடு அறுக்கப்பட்டது. 2020 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம், இணையத்தின் வழியே பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு பெற்றவை, முடக்கும் உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்றது. அதன் பின்னே என்ன தந்தார்கள்? ஆமை வேகத்து 2ஜி இணைப்பு. அதிலும் சர்க்கார் பட்டியலிட்ட சில நூறு தளங்கள் மட்டும்! பட்டியலுக்கு வெளியே எட்டிப் பார்க்க மக்கள் வி.பி.என். தேடினார்கள். பிப்ரவரியிலே போலீஸார் வழக்குப் பதிவு செய்தார்கள். எந்தச் சட்டத்தின் கீழ்? தீவிரவாதிகளுக்கென்று வைத்திருக்கும் யு.ஏ.பி.ஏ. சட்டத்தையும் சேர்த்து! 4ஜி திரும்பி வந்தது 2021 பிப்ரவரியிலே, பதினெட்டு மாதம் கழித்து. வி.பி.என். பயன்படுத்துவதைக் குற்றமாக்கும் நாடு தழுவிய சட்டம் இந்த நாட்டிலே கிடையாது. ஆனாலும் ஒரு மாவட்ட அதிகாரியின் கையெழுத்து போதும், அந்த மாவட்டத்திலே குற்றமாகிவிடுகிறது.

மந்திரிக்கே ப்ராக்ஸி!

"ஒளிந்து பார்ப்பவன் குற்றவாளி" என்பவர்களுக்கு ஒரு கதை சொல்கிறோம். கதையல்ல, நடந்தது. 2022 ஏப்ரல் 3. இலங்கையிலே பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை, மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ராஜபக்ச சர்க்கார் ஃபேஸ்புக், ட்விட்டர் முதலியவற்றை இரவோடிரவாக அடைத்தது. மறுத்துப் பேசியவர் யார்? ஜனாதிபதியின் அண்ணன் மகன், மந்திரி நாமல் ராஜபக்ச! இந்தத் தடையைத் தாம் ஏற்கவில்லை, வி.பி.என். இருக்கும்போது இது வீண்வேலை, தாமே அதைத்தான் பயன்படுத்துகிறேன் என்ற பொருள்பட எழுதினார். எழுதியது எதிலே? அடைக்கப்பட்ட ட்விட்டரிலே! அன்று பிற்பகலுக்குள் தடை நீங்கியது. சில மாதங்களில் ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடினார். இணையத்தை அடைத்தார்கள், வயிற்றை அடைக்க முடியவில்லை.

துருக்கியிலே 2014 மார்ச்சில் ட்விட்டரை அடைத்தபோது, தடையைத் தாண்ட உதவும் எண்களை மக்கள் சுவர்களிலே எழுதி வைத்தார்கள். எட்டு, எட்டு, எட்டு, எட்டு! பூட்டு அடிக்கிற கொல்லனுக்கு ஒரு நாள் வேலை. சாவி அடிக்கிற ஜனங்களுக்கு ஒரு இரவு.

ஓசி அண்ணனை நம்பலாமா?

இவ்வளவும் சொன்னதால், கண்ட ப்ராக்ஸியிலும் நுழையுங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். இங்கேதான் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை.

பக்கத்து வீட்டு அண்ணன் கதையை மறுபடி நினையுங்கள். தெருமுனை ஆளிடமிருந்து மறைத்தீர்கள், சரி. அண்ணனிடம்? அவருக்கு எல்லாம் தெரியுமே! எந்தக் கடை, என்ன சரக்கு, என்ன விலை, எத்தனை மணி! இலவசமாக ஒருவன் உங்களுக்காக நாள்தோறும் கடைக்கு ஓடுகிறான் என்றால், அவன் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டாமா?

ஓனாவோ என்றொரு இலவச வி.பி.என். இருந்தது. உங்களைப் பாதுகாக்கிறோம் என்றது விளம்பரம். 2013-இல் அதை ஃபேஸ்புக் விலைக்கு வாங்கியது. பயன்படுத்தியவர்கள் எந்தெந்த செயலிகளை எவ்வளவு நேரம் திறக்கிறார்கள் என்பதைச் சேகரித்துத் தன் போட்டியாளர்களை எடைபோட்டது. 2018-இல் ஆப்பிள் வற்புறுத்தியதால், அதன் கடையிலிருந்து ஃபேஸ்புக்கே அதை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம், மக்களை ஏமாற்றியதற்காக அந்தக் குடும்பத்தின் இரு நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஹோலா என்ற இன்னொரு இலவசக்காரன், தன்னை நம்பியவர்களின் இணைப்பையே வேறு கம்பெனிக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015-இல் அம்பலமாயிற்று. அதாவது, யாரோ ஒருவன் உங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினான்! வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஆகவே நினைவில் வையுங்கள். முகம் தெரியாத இலவச ப்ராக்ஸி வழியே வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். 'இன்காக்னிடோ' என்று கறுப்புச் சன்னலைத் திறந்துவிட்டால் உலகத்துக்கே மறைந்துவிட்டோம் என்று எண்ணாதீர்கள். அது உங்கள் கருவியை அடுத்து எடுப்பவனிடமிருந்து மட்டுமே மறைக்கும். இணைய நிறுவனத்திடமிருந்தும், நீங்கள் போகும் தளத்திடமிருந்தும் மறைக்காது. வி.பி.என். என்பது நம்பிக்கையை அழிப்பதல்ல, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பது. கொடுக்குமுன் ஆளைப் பார்த்துக் கொடுங்கள்.

முன்வாசல் வேண்டும்!

கடைசியாக ஒன்று. சுற்றுவழி எவ்வளவு நல்லதானாலும் சுற்றுவழிதான். வழி தெரிந்தவன் படிக்கிறான்; தெரியாத கோடிப்பேர் அடைத்த கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த, காசுள்ள, கருவி அறிந்த நாலு பேருக்குக் கொல்லைப்புறம் திறந்திருக்கிறது என்பதால், ஊராருக்கு முன்வாசல் அடைபட்டதை ஒப்புக்கொள்ள முடியுமா? "எனக்கு வி.பி.என். இருக்கிறது, எனக்கென்ன?" என்று சிரிக்கும் இளைஞனே, அந்தச் சிரிப்பைத்தான் பூட்டியவர்கள் விரும்புகிறார்கள். கெட்டிக்காரன் கொல்லைப்புறமாகப் போய்விட்டால், வாசலிலே நின்று கேள்வி கேட்க ஆள் ஏது?

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது சலுகையல்ல. அடைக்கும் உத்தரவு ஒவ்வொன்றையும் காரணத்தோடு வெளியிடுங்கள். அடைக்குமுன் தளத்தாருக்குச் சொல்லுங்கள். அவர் பக்கத்தையும் கேளுங்கள். ஒரு பக்கம் குற்றமென்றால் அந்தப் பக்கத்தோடு நில்லுங்கள். ரகசியம் பேசும் 16-ஆம் விதியைக் கிழித்தெறியுங்கள். குற்றவாளி என்று சந்தேகம் வந்தால், அந்த ஒருவனைக் குறிப்பிட்டு, நீதிபதியின் உத்தரவோடு தேடுங்கள். ஒரு திருடனைப் பிடிக்க ஊரிலுள்ள அத்தனை வீட்டுத் திரைச்சீலைகளையும் கழற்றச் சொல்லாதீர்கள். ஐந்தாண்டுப் பேரேட்டைக் கைவிடுங்கள்.

பதில் சொல்லக்கூடிய காரணம் இருந்தால் பகலிலே பூட்டலாமே! இரவிலே, எவருக்கும் தெரியாமல், காரணத்தைப் பெட்டியிலே வைத்துக்கொண்டு பூட்டுகிறவர் எதற்கு அஞ்சுகிறார்? படிக்கிறவனுக்கு அஞ்சுகிறார்! படிக்கிறவன் அஞ்ச வேண்டியதில்லை.